லிங்கன் வீட்டுச் சம்பந்திக்குக் காடிலாக்காரன் எழுதுவது

ஹாம்ட்ராமிக், மிச்சிகன்
மே மாதம், 1999

மதிப்புக்குரிய சம்பந்தி திரு. விர்ஜில் ப்ரூவிட் அவர்களுக்கும் அவர் துணைவியார் லூரீன் அம்மாளுக்கும் லுட்விக் ஸரெம்பா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், என் மனைவி பெர்னிஸ், உங்கள் வீட்டு மருமகளாக வரப்போகிற ரெனாட்டா, ஷெட்டில் நிற்கும் எழுபத்தைந்தாம் வருடத்து காடிலாக் எல்டொராடோ கார் ஆகிய நால்வரும் நலம். அங்கு நீங்களும் மாப்பிள்ளை டேரலும், இழுத்துப் போகப்பட்டு மீண்டு வந்த உங்கள் வண்டியும் நலமென்று நம்புகிறேன். உங்கள் இடது குதிகால் கொப்புளம் ஆறிவிட்டதா என்று பெர்னிஸ் கேட்டு எழுதச் சொன்னாள்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு மன்னிப்புக் கடிதம். அப்படித்தான் ரெனாட்டா சொல்லியிருக்கிறாள். நான் கவனம் சிதறாமல் எழுதவேண்டும் என்று ரேடியோவை நிறுத்திவிட்டு, சமையலறை மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, விருந்துக்கு வைக்கும் பெயர் அட்டைகளை எழுதிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அப்பா, இருபத்திரண்டாம் தேதி சர்ச்ல என் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை இருக்கா இல்லையா?" என்று கேட்டாள். "இருக்கும்மா" என்றேன். "அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள டேரல் அப்பா கையில உங்க மன்னிப்புக் கடிதம் இருக்கணும். இல்லேன்னா நான் பாட்டுக்குத் தனியா நடந்து போய்க்கிறேன். உங்களுக்கு மூணாவது வரிசையில ஒரு இடம் போட்டு வைக்கச் சொல்றேன்" என்றாள். மூன்றாவது வரிசை! பெற்ற அப்பனுக்கு! அந்த வரிசையில் என் பல் டாக்டரை அல்லவா உட்காரவைக்கப் போகிறோம்? ஆகையால் மன்னிப்புக் கேட்கத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஆனால் எதற்கு மன்னிப்பு, எவ்வளவு மன்னிப்பு என்பதை நியாயமாக அளந்து பார்க்க வேண்டாமா?

நிச்சயதார்த்த விருந்தை எங்கள் தொழிற்சங்க மண்டபத்தில் வைத்தது என் யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த மண்டப வாசலில் பதினொரு வருடமாக ஒரு பலகை நிற்கிறது, அதை எழுதி நட்டவனே நான்தான்: எங்கள் காடிலாக் கம்பெனி வண்டிகள் வாசலை ஒட்டி நிற்கலாம், மற்ற வண்டிகள் ரயில்பாதை ஓரத்துக் கடைசி மைதானத்தில், மீறினால் இழுத்துச் செல்லப்படும். உங்கள் ஃபோர்டு ஆலை வாசலில் இதே பலகை வேறு பெயரோடு நிற்கிறது, நீங்கள் அறியாததல்ல. அன்றைக்குப் பன்றித் தொத்திறைச்சி வெந்துவிட்டதா என்று பார்க்க வெளியே வந்தவன், வாசல்படிக்கு நேர் எதிரே முதல் இடத்தில் கறுப்பாக, பளபளவென்று, ஃபோர்டு கம்பெனியின் லிங்கன் ஒன்று நிற்பதைக் கண்டேன். சம்பந்தி, உண்மையைச் சொல்கிறேன், அது யாருடைய வண்டி என்று என் மூளை யோசிப்பதற்கு முன்பே என் கை போனைச் சுழற்றி இழுவைக்காரனைக் கூப்பிட்டுவிட்டது. ஓஸி இழுவை வண்டியோடு ஆறே நிமிடத்தில் வந்தான். "அண்ணே, ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டீங்களா?" என்று கேட்டான். "சட்டத்துக்கு ஏதுடா ஞாயிறு?" என்றேன். வண்டி போயிற்று. நானும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் உள்ளே வந்து உங்கள் எதிரே உட்கார்ந்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், இருந்தேனா?

"எவனோ ஒரு திமிர்பிடிச்சவன் லிங்கனைக் கொண்டாந்து நம்ம வாசல்ல நிறுத்தியிருக்கான் சம்பந்தி, தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன்" என்றேன்.

நீங்கள் பியரோகிக் கொழுக்கட்டையை முள்கரண்டியில் குத்தியபடியே, "கறுப்பு வண்டியா?" என்று கேட்டீர்கள்.

"ஆமா, கறுப்பு."

"பின்னாடி வெள்ளை ரிப்பன் கட்டியிருந்துச்சா?"

"கட்டியிருந்துச்சே! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்போது லூரீன் அம்மாள், "ஐயோ, என் வாழைப்பழப் புட்டிங்!" என்று எழுந்தார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதுவரை அந்த ரிப்பனை யாரோ வம்புக்குக் கட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். கென்டக்கி முறைப்படி முந்தின நாள் பூராவும் அடுக்கடுக்காகச் செய்து, நாற்பது பேருக்குப் பரிமாற வண்டியின் பின்பெட்டியில் வைத்திருந்த புட்டிங் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். புட்டிங் விஷயத்தில் முழு மன்னிப்பு. இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ரெனாட்டா, பார்த்துக்கொள், ஒன்று எழுதியாகிவிட்டது.

உடனே உங்களையும் லூரீன் அம்மாளையும் என் எல்டொராடோவில் ஏற்றிக்கொண்டு, இழுத்த வண்டிகளை ஓஸி வைக்கும் யார்டுக்குக் கிளம்பினேனே, அந்த நல்ல மனதை யாராவது பேசுகிறார்களா? அந்த வண்டி வருடத்தில் ஆறு மாதம்தான் வெளியே வரும். நவம்பரில் சாலையில் உப்புப் போட ஆரம்பித்தால் உள்ளே போய்விடும், ஏப்ரல் மழை நாலு தடவை நன்றாகக் கொட்டி உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போன பிறகுதான் சக்கரம் தரையில் உருளும். ஷெட்டைவிட வண்டி நீளம். வண்டியை வெட்ட முடியாது என்பதால் பின்சுவரை வெட்டி, மூக்கு நீட்டிக்கொள்ள ஒரு மாடம் கட்டினேன். அந்த மாடம் பெர்னிஸின் தக்காளிப் பாத்தியில் பாதியைத் தின்றுவிட்டது. பதினாறு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் அவள் தக்காளியைக் கடையில் வாங்கி வந்து, விலைச்சீட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். இத்தனை தியாகத்தில் வளர்ந்த வண்டியில் அந்த வருடத்தின் முதல் சவாரி உங்களுக்குத்தான் தந்தேன். துணிக்கூரை இல்லையே என்று கேட்காதீர்கள். அது வண்டியின் குறை அல்ல. இலை வாரும் வாரியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினவன் நான்தான், கிழித்தவனும் நான்தான். கூரை தைக்கப் போயிருந்தது. மழை வரும் என்று வானிலைக்காரர் சொன்னதையும் நான் நம்பவில்லை.

வழியில் நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்ததால், மனதைத் தேற்றலாமே என்றுதான் காடிலாக்கின் பெருமைகளைச் சொல்லத் தொடங்கினேன். 1908இல் லண்டனுக்குப் போன மூன்று வண்டிகளை நட்டு போல்ட் விடாமல் பிரித்து, ஒரே குவியலாகக் கலந்து, கைக்கு வந்ததை எடுத்து மறுபடி பூட்டி ஐந்நூறு மைல் ஓட்டிக் காட்டினார்கள், வெள்ளைக்காரத் துரைமார் வாயடைத்துப்போய்க் கோப்பையைக் கொடுத்தனுப்பினார்கள். அன்றிலிருந்து உலகத்துக்கே அளவுகோல் என்று பெயர். கையால் கைப்பிடி சுற்றித் தோளைப் பெயர்த்துக்கொண்டிருந்த ஊரில், பித்தானை அழுத்தினால் கிளம்பும் வண்டியைத் தந்தது யார்? ஐம்பத்தொன்பதில் பின்பக்கம் இரண்டு மீன்துடுப்பு முளைத்த வண்டி எங்கள் தெருவில் வந்து நின்றபோது, பாதிரியார் பூசை முடிந்த கையோடு அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து பார்த்தார். குளிர்சாதனப் பெட்டி விற்பவன் "இது குளிர்சாதனப் பெட்டியில காடிலாக்குங்க" என்பான். மெத்தை விற்பவன் "மெத்தையில காடிலாக்" என்பான். எவனாவது "இது மெத்தையில லிங்கன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இதைத்தான் கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

நீங்கள் தலையைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். யார்டுக்குப் போனால் அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டிக் கிடந்தது, நாய் மட்டும்தான் இருந்தது. உங்கள் வண்டியின் பின்பெட்டி இழுத்த இழுப்பில் திறந்துகொண்டிருந்ததால், நாய் இருந்த இடத்தில்தான் புட்டிங்கும் இருந்தது. அதன் மூக்கு வரை வெள்ளையாக இருந்ததைக் கம்பிவேலி வழியாக மூவரும் பார்த்தோம். லூரீன் அம்மாள், "அதுவாவது நல்லா ரசிச்சுச் சாப்பிடுது, பாவம்" என்று சொன்னார். பெரிய மனுஷி.

திரும்பி வரும்போது மிச்சிகன் அவென்யூவில் மழை பிடித்துக்கொண்டது. லூரீன் அம்மாள் பின்சீட்டில் குடையை விரித்துக்கொண்டு, ஊர்வலத்தில் போகும் ராணி மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என் தொப்பியிலிருந்து தண்ணீர் ஓடியது. அந்த நேரத்தில் பார்த்து நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"நீங்க சொன்னதெல்லாம் உங்க அப்பா காலத்துக் கதை லுட்விக். இன்னைக்கு உங்க வண்டியை வாங்குறவன் யாரு? இழவு வீட்டுக்காரனும், இழவுக்குக் காத்துக்கிட்டிருக்கிற கிழவனும்தான்."

"போன வருஷம் யார் ஜாஸ்தி வித்தது? சொல்லுங்க, யாரு?" என்று கேட்டேன்.

"இருநூத்தி இருபத்திரண்டு வண்டி! வருஷம் பூரா வித்து, ரெண்டு பக்கமும் லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல வித்து, கடைசியில வித்தியாசம் இருநூத்தி இருபத்திரண்டு! அதை ஒரு ஜெயிப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரியறீங்களே, வெக்கமா இல்லை?"

நான் வண்டியை ஓரங்கட்டினேன். "இறங்குங்க" என்றேன். "இறங்கறேன்" என்றீர்கள். இறங்கியும் விட்டீர்கள். நான் அதை எதிர்பார்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஒரு பேச்சுக்குச் சொன்னால் மனிதன் உடனே இறங்கிவிடுவதா? கூடவே இறங்குவார் என்று லூரீன் அம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. "நீங்க நடங்க விர்ஜில். எனக்கு இந்த சீட்டு நல்லாருக்கு, வீட்டு சோபா இப்படி இல்லை" என்றார். மழையில், புது ஷூவில், டியர்பார்னில் உங்கள் வீடு வரை இரண்டு மைல் நடந்தீர்கள். நானும் நடை வேகத்தில் உங்கள் பக்கத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். "ஏறுங்க சம்பந்தி, ஏறுங்க" என்று முதல் ஒரு மைல் வரை கெஞ்சினேன். இரண்டாவது மைலில் கெஞ்சவில்லை, ஏனென்றால் நீங்கள் ஒரு முறை திரும்பி, "இருநூத்தி இருபத்திரண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தீர்கள்.

சம்பந்தி, அந்த எண் மேல் எனக்கு ஏன் இத்தனை வெறி என்று ரெனாட்டா கேட்கிறாள், நீங்களும் கேட்பீர்கள். சொல்கிறேன். காடிலாக்கின் க்ளார்க் தெரு ஆலையில் பத்தொன்பது வயதில் கதவு மாட்டச் சேர்ந்தேன். மொத்தம் முப்பத்தொரு வருடம். கதவை மூடும்போது வருகிற சத்தத்தை வைத்தே கீல் எந்தப் பக்கம் எத்தனை மயிரிழை விலகியிருக்கிறது என்று சொல்வேன். கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனால் வரிசையில் வழி விடுவார்கள். பிறகு எண்பதுகள் வந்தன. வண்டியைச் சுருக்கினார்கள். சாதாரண மலிவு வண்டிக்கு மேலே எங்கள் முத்திரையை ஒட்டி ஒரு குட்டி வண்டியையும் விட்டார்கள். உங்கள் ஆட்கள் தொலைக்காட்சியில் விளம்பரம் போட்டார்கள், ஹோட்டல் வாசலில் காடிலாக் எது மலிவு வண்டி எது என்று அடையாளம் தெரியாமல் ஆட்கள் முழிப்பதாக. நான் சிரிக்காமல் பார்த்தேன். ஊரே சிரித்தது. எண்பத்தைந்தில் ரெனாட்டாவுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொன்னாள். "ஏம்மா?" என்றேன். "இது தாத்தாங்க வண்டிப்பான்னு சொல்றாங்க" என்றாள். அன்றைக்குத்தான் அந்தச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்தேன். எண்பத்தேழில் க்ளார்க் தெரு ஆலையையும் பூட்டினார்கள். அதற்கப்புறம் ஜெர்மனியிலிருந்து ஒரு வண்டி வரவழைத்து, அதை விற்க ஒரு வாத்தை விளம்பரத்தில் நடக்கவிட்டார்கள். ஒரு வாத்து, சம்பந்தி! நீங்கள் யானை அளவுக்கு நேவிகேட்டர் என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்து ஊரையே அள்ளிக்கொண்டு போனபோது, நாங்கள் அவசர அவசரமாக அதற்குப் போட்டியாக எஸ்கலேடை இறக்கினோம்.

எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். வெளியில் சொல்லமாட்டேன், அவ்வளவுதான். ஐம்பது வருடமாகத் தலைநிமிர்ந்து நின்ற பெயர் இன்றைக்கு இருநூற்று இருபத்திரண்டு வண்டி உயரத்தில் நிற்கிறது. நான் மாட்டின கதவெல்லாம் அந்த இருநூற்று இருபத்திரண்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் முப்பத்தொரு வருடம் நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அதனால்தான் இறங்கச் சொன்னேன். இதை எழுதும்போது ரெனாட்டா பெயர் அட்டை எழுதுவதை நிறுத்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இன்னும் மன்னிப்பு வரலை, எழுதுங்க" என்கிறாள். இந்தப் பிடிவாதம் அவள் அம்மா வழி.

ஆனாலும் சம்பந்தி, ஒரு விஷயத்தில் நாம் இருவரும் பெரியவர் லீலண்டுக்குக் கடன்பட்டவர்கள். உங்கள் ஹென்றி ஃபோர்டு சண்டை போட்டுக்கொண்டு விட்டுவிட்டுப் போன கம்பெனியை எடுத்துத்தான் அவர் காடிலாக் ஆக்கினார். பிறகு அங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, எழுபது வயதுக்கு மேல் லிங்கனை ஆரம்பித்தார். கையில் காசு போனதும் அதே ஃபோர்டு வந்து லிங்கனை வாங்கிக்கொண்டு, சில மாதத்தில் பெரியவரையும் வெளியே அனுப்பினார். ஆகவே என் வண்டி உங்கள் வீட்டில் வேண்டாமென்று போட்டது, உங்கள் வண்டி என் வீட்டிலிருந்து ஓடிப்போனது. டேரலும் ரெனாட்டாவும் பிறப்பதற்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே நாம் சம்பந்திகள் ஆகிவிட்டோம். இதில் மூத்தது எது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்ததே, நான் சொல்லி நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

ஆகையால் எல்லாவற்றையும் அளந்து பார்த்து என் முடிவைத் தெரிவிக்கிறேன். புட்டிங்குக்கு முழு மன்னிப்பு. வண்டியை இழுத்ததற்குப் பாதி, ஏனென்றால் பலகை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான் நிற்கிறது. இறங்கச் சொன்னதற்கு வருத்தம் மட்டும், ஏனென்றால் இறங்கியது நீங்கள். இருநூற்று இருபத்திரண்டு விஷயத்தில் ஒரு அங்குலம்கூட இறங்கமாட்டேன். காடிலாக்காரன் லிங்கன்காரனிடம் மன்னிப்புக் கேட்டதாக இந்த ஊர்ச் சரித்திரத்திலேயே கிடையாது. அந்தப் பழக்கத்தை நான் தொடங்கி வைக்கத் தயாராக இல்லை. மணப்பெண் என் எல்டொராடோவில்தான் சர்ச்சுக்கு வருவாள். துணிக்கூரை தைத்து வந்துவிட்டது. உங்கள் வண்டி தாராளமாகப் பின்னால் வரலாம்.

பெரியவர்களுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி, லூரீன் அம்மாளுக்கு என் சீட்டின் சார்பாகத் தனி நன்றி. பெண்ணும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடும், துரு ஏறாத வண்டியோடும், உப்பில்லாத சாலையிலும் நூறு வருடம் ஓடட்டும்.

இப்படிக்கு, தங்கள் அன்புள்ள (ரெனாட்டா சொல்லி எழுதுவது),
லுட்விக் ஸரெம்பா

பி.கு.: சம்பந்தி, இப்போது மாலை நாலு மணி. கடிதத்தை உறையில் போட்டு, நாக்கால் ஒட்டப் போகும்போது பெர்னிஸ் உள்ளே வந்து ரேடியோவைத் திருப்பினாள். செய்தி சொன்னான். போன வருடக் கணக்கில் தவறு நடந்துவிட்டதாம். டிசம்பரில் விற்காத வண்டிகளையும் சேர்த்து எண்ணிவிட்டார்களாம். திருப்பி எண்ணினால் ஜெயித்தது லிங்கன்தானாம், நாலாயிரத்து ஐந்நூறு வண்டிக்கும் மேலே. எங்கள் கம்பெனியே சொல்லிவிட்டது. சொன்னதோடு விடாமல் உங்கள் கம்பெனியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டது. பெர்னிஸ் ரேடியோவை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு காபி வைத்தாள். ரெனாட்டா பெயர் அட்டைகளை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இந்தச் செய்தி காலை எட்டு மணிக்கே வந்துவிட்டது, தன் வாயால் சொல்ல மனசு வரவில்லை என்றாள் பெர்னிஸ். லிங்கனுக்கு முப்பது வருஷம் சாயம் அடித்த மனுஷன் நீங்கள், எட்டு மணிக்கே கேட்டிருப்பீர்கள். ஆனால் எங்கள் வீட்டுப் போன் அடிக்கவே இல்லை. நானாக இருந்தால் எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு அடித்திருப்பேன், அடித்துப் பாட்டே பாடியிருப்பேன். நீங்க அடிக்கலை. நாள் பூரா அடிக்கலை.

மேலே எழுதினதை எல்லாம் கணக்கில் எடுக்காதீங்க சம்பந்தி. பொண்ணு உங்க லிங்கன்லயே வரட்டும். இதைத் தபால்ல போடலை. மிச்சிகன் அவென்யூல உங்களை இறக்கிவிட்ட அதே இடத்துல வண்டியை நிறுத்திட்டு, அங்கேயிருந்து நடந்தே கொண்டாரேன். வெளியில தூறுது, பரவாயில்லை. கதவைத் தட்டினா நான்தான். மன்னிச்சிடுங்க. நீங்க திறக்கலைன்னாலும் லூரீன் அம்மா திறப்பாங்க.